சர்க்கரை மணலாய்ப் போன காலை

குருபரப்பள்ளிக்கு அப்பால், நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, என் தங்கையின் வீட்டுக்குப் பின்புறம் அரை ஏக்கர் செம்மண் நிலம் உண்டு. சென்ற ஆண்டு அதில் சீனித்துளசி பயிரிட்டிருந்தாள். அந்தப் பெயரில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. துளசிக்கும் அதற்கும் இலையின் தோற்றத்தில் ஒரு சாயல் இருக்கிறதே தவிர உறவு ஏதுமில்லை. சாமந்தியும் சூரியகாந்தியும் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தது அது. இனியிலை என்று சொல்லிப் பார்த்தேன். நான் மாப்பிள்ளை என்று அழைக்கும் தங்கையின் கணவர், "அந்தப் பேரச் சொல்லி நர்சரியில கேட்டா ஒரு நாத்துகூட தரமாட்டான் மச்சான்" என்றார். அதன் பிறகு நானும் சீனித்துளசி என்றே சொல்லி வருகிறேன்.

அது நம் நாட்டுச் செடியன்று. தென் அமெரிக்காவின் மேட்டு நிலங்களில், புல்லோடு புல்லாகத் தானே முளைத்துக் கிடந்த காட்டுச் செடி. அங்குள்ள பழங்குடி மக்கள் தாம் அருந்தும் கசப்பான மூலிகை நீரில் இதன் இலையைக் கிள்ளிப் போட்டு இனிப்பாக்கிக் கொண்டார்கள் என்று படித்திருக்கிறேன். கரும்புச் சர்க்கரையைவிடப் பன்மடங்கு இனிப்பு. ஆனால் குருதியில் சர்க்கரையை ஏற்றாது. ஓர் இலையைக் கிள்ளி மென்றால் முதலில் பச்சிலை மணம். அதன் பின் நாக்கின் இரு ஓரங்களிலும் ஊறிப் பரவும் இனிப்பு. கடைசியில் அதிமதுரத்தை மென்றாற்போன்ற மெல்லிய கைப்பு. அந்தக் கைப்பை விரும்பாதவர்களும் உண்டு. எனக்கு அது பிடித்திருந்தது.

நான் கல்லூரியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஒசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். அங்கு என் சன்னலைத் திறந்தால் எதிரே வாகன உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலையின் தகரக் கூரை. ஆகவே மாதத்தில் சில நாள் தங்கையின் வீட்டில் தங்குவது வழக்கமாகிவிட்டது. அவள் அந்தச் செடியை வளர்த்த விதத்தை அருகிருந்து பார்த்தவன் என்பதால் இதை எழுத எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

விதையை நம்பி இச்செடியை வளர்க்க இயலாது. விதைத்தவற்றில் முளைப்பது சிறிது. முளைத்தவற்றிலும் ஒன்றின் இனிப்பு மற்றொன்றில் இராது. தண்டைத் துண்டாக நறுக்கி, மணலும் தொழுவுரமும் கலந்த மண்ணில் ஊன்றி, நிழல்வலையின்கீழ் வேர்பிடிக்க வைத்து, பிறகே நிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். வேர் ஆழமாகச் செல்வதில்லை. எனவே இரண்டு நாள் நீர் இல்லாவிட்டால் வாடும். இரண்டு நாள் நீர் தேங்கி நின்றால் அழுகும். தங்கை மண்ணை உயர்த்தி மேட்டுப் பாத்தி அமைத்து, பாத்திதோறும் சொட்டுநீர்க் குழாய் போட்டாள். களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். களைக்கொட்டு பட்டால் வேர் அறுந்துவிடும். அவள் முழங்கால் வலியோடு பாத்திக்கு நடுவே ஒரு மணைப்பலகையை நகர்த்தி நகர்த்தி உட்கார்ந்து களை எடுத்தாள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது பூ. மொட்டு விடத் தொடங்கியதும் கிள்ளிவிட வேண்டும். வெண்ணிறச் சிறு பூக்கள்; பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் செடி பூக்கத் தொடங்கினால் இலையின் இனிப்புக் குறைந்துவிடும். பூக்குமுன் அடித்தண்டில் நான்கு விரல் உயரம் விட்டு அறுத்து, நிழலில் விரைவாக உலர்த்தி, இலையை மட்டும் உதிர்த்துச் சாக்கில் கட்டி அனுப்புவது முறை. அறுத்த கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். ஒருமுறை நட்டால் சில ஆண்டுகள் பலன் தரும்.

அந்த வீட்டில் மூத்தவர் அனைவருக்கும் நீரிழிவு. தங்கைக்கு, மாப்பிள்ளைக்கு, விருந்தாளியாகச் செல்லும் எனக்கு. ஆனாலும் நாங்கள் மூவரும் அந்த இலையை அன்றாட உணவில் சேர்க்கவில்லை. மாப்பிள்ளை, "விக்கறதுக்கு வெச்ச செடிய நாமளே மேஞ்சா எப்படி" என்பார். சர்க்கரையில்லாத காப்பி எங்களுக்குப் பழகியும்விட்டது. அதைத் தாராளமாகப் பயன்படுத்தியவள் தங்கையின் மருமகள் ஒருத்திதான். ஒசூரில் மின்னணுப் பொருள்கள் செய்யும் ஆலை ஒன்றில் இரவுப் பணி அவளுக்கு. எலுமிச்சைச் சாறு கலந்த நீர்ப் புட்டியில் நாலைந்து இலையைக் கசக்கிப் போட்டு எடுத்துக்கொண்டு போவாள்.

இனி, அந்த நிலத்துக்கு நேரவிருந்ததைச் சொல்ல வேண்டும்.

நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் எல்லாம் இப்போது கிடங்குகள் எழும்புகின்றன. கருநாடகப் பக்கத்திலிருந்து வரும் சரக்கு லாரிகளை நிறுத்தி வைக்க இடம் தேடுகிறவர்கள் மிகுதி. அப்படி ஒருவர் மாப்பிள்ளையிடம் வந்து, அந்த அரை ஏக்கரை நெடுங்காலக் குத்தகைக்குக் கேட்டிருந்தார். தக்காளி நட்டு விலையில்லாமல் வரப்பில் கொட்டியதை மாப்பிள்ளை மறக்கவில்லை. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. ஊரின் இளம்பெண்கள் எல்லாரும் ஆலைப் பேருந்தில் ஏறிவிடுகிறார்கள். குத்தகைக்கு விட்டுவிட்டு நிம்மதியாக உட்காரலாம் என்பது அவருடைய எண்ணம். தங்கை இசையவில்லை. லாரி நிற்க வேண்டுமானால் மண்ணின்மேல் ஜல்லியைக் கொட்டி உருளை ஓட்டி இறுக்குவார்கள். பிறகு குத்தகை முடிந்து நிலம் திரும்பி வந்தாலும் அது நிலமாக வராது. அவள் சொன்னதும் அதுதான்: "ஜல்லி கொட்டிட்டா அப்புறம் நம்ம காலத்துல அதுல ஒரு அவரக்கொடி ஏறாதுண்ணா."

அந்த வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. நாள்கணக்கில் விடாத மழை. பாத்திக்குள் கால் வைக்க முடியவில்லை. மொட்டுக் கிள்ள முடியவில்லை. மழை விட்டபோது வயலில் பாதிச் செடிகளின் தலையில் வெள்ளை. தங்கை அன்றைக்கே உட்கார்ந்து கிள்ளத் தொடங்கிவிட்டாள். ஆனால் செய்தி அதற்குள் பரவிவிட்டது. சாலையோரத் தேநீர்க் கடையில் யாரோ, பர்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இப்படித்தான் மழையில் பூத்து, இலை வெறும் வைக்கோலாகிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறார். இலை வாங்கும் ஒசூர் வணிகரைத் தொலைபேசியில் கேட்டதற்கு அவர் நயமாகவே சொன்னார்: வாயில் போட்டால் இனிக்க வேண்டும், இனிக்காவிட்டால் வண்டி அனுப்பமாட்டேன்.

அன்று மாலையே வீட்டில் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது.

"நாளைக்குக் காலையில மூணு பேரும் எலய மென்னு பாப்போம்," என்றார் மாப்பிள்ளை. "இனிச்சா உன் இஷ்டம். நான் வாயே தொறக்கமாட்டேன். இனிக்கலன்னா டிராக்டர வுட்டு ஓட்டிட்டு அந்த ஆளுக்குச் சரின்னு சொல்லிடுவேன். அவனும் நாளைக்குள்ள பதில் சொல்லுன்னு நிக்கிறான்."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "அண்ணன் நடுவுல இருக்கட்டும். பொய் சொல்லத் தெரியாத ஆளு" என்றாள்.

"தெரியாததுனாலதான் வாத்தியாரா போனாரு," என்றார் மாப்பிள்ளை. பக்கத்து நிலத்தில் கேழ்வரகுக்கு உழுதுகொண்டிருந்த டிராக்டர்காரரிடம், காலையில் தயாராக இருக்கும்படி அப்போதே சொல்லிவிட்டு வந்தார்.

பொழுது விடிந்தது. வானம் தெளிந்திருந்தது. அந்த வீட்டில் காலையில் முதல் வேலை சிறுகுறிஞ்சான் மெல்வது. வேலியில் படர்ந்திருக்கும் கொடி அது. நீரிழிவுக்கு நல்லது என்பதற்காக மாப்பிள்ளை எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தது. பல் துலக்கியதும் மூவரும் வேலியருகே சென்று ஆளுக்கு இரண்டு இலையைப் பறித்து மென்று, அரை மணி நேரம் கழித்துச் சர்க்கரையில்லாத காப்பி குடிப்போம். முகம் சுளிக்க வைக்கும் கசப்பு. ஆனாலும் நாள் தவறியதில்லை.

அன்று நான் வேலிக்குச் செல்லத் தயங்கினேன். இலையின் இனிப்பைச் சோதிக்கும் நாளில் வாயைக் கசப்பாக்கிக் கொள்வானேன் என்று கேட்டேன். தங்கைக்கு வேறு கருத்து இருந்தது.

"நெல்லிக்கா தின்னுட்டுத் தண்ணி குடிச்சா எப்படி இனிக்குது? அதே மாதிரிதாண்ணா. மொதல்ல கசப்பு, அப்புறம் இனிப்பு. கொஞ்சமா இனிப்பு இருந்தாலும் தூக்கலா தெரியும். நீங்க நல்லா மெல்லுங்க."

அது எனக்கு அறிவுக்குப் பொருத்தமாகவே பட்டது. மாப்பிள்ளையும் மறுக்கவில்லை. "தெரியட்டும், எனக்கென்ன. அப்புறம் நாக்கு மேல யாரும் குத்தம் சொல்லக்கூடாது" என்று சொல்லி, வழக்கமான இரண்டுக்குப் பதிலாக ஒரு கைப்பிடி பறித்துத் தாமே முதலில் மென்றார். அவர் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். தங்கை தன் பங்கை மென்றது ஒரு வேண்டுதலை நிறைவேற்றுவது போல இருந்தது. வாய் கொப்பளித்துவிட்டு மூவரும் பாத்திக்குப் போனோம்.

நல்ல இலையாகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை எனக்குத் தந்தார்கள். பூக்காத செடி ஒன்றிலிருந்தும், மொட்டுக் கிள்ளிய செடி ஒன்றிலிருந்தும் நுனியிலைகளைப் பறித்தேன். முதலில் தங்கை. அவள் கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். மெல்ல மெல்ல அவள் தாடை அசைவது நின்றது. கண்ணைத் திறக்கவேயில்லை.

நான் வாயிலிட்டேன். பச்சைப் புல்லின் மணம் வந்தது. காத்திருந்தேன். இனிப்பு வரவில்லை. இரண்டாம் இலையை மென்றேன். கடைசியில் வரும் கைப்பு மட்டும் வந்தது. மாப்பிள்ளை மென்று, துப்பி, வேறொரு செடியில் பறித்து மென்று, அதையும் துப்பினார். வெற்றி பெற்றவரின் முகம் அவருக்கு இல்லை. சற்று வருத்தமாகவே, "போச்சு போலக்கீது" என்றார்.

"அந்த மூலையில பாருங்க, அங்க தண்ணி நிக்கல," என்றாள் தங்கை. அந்த மூலையிலும் பார்த்தோம். வரப்போரம் பார்த்தோம். எங்கும் வைக்கோல்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க."

எனக்கு வேறு சொல் அகப்படவில்லை. "இனிப்பு இல்லையம்மா" என்றேன்.

அவள் திரும்பி வீட்டை நோக்கி நடந்தாள். நடக்கும்போதே வழியிலிருந்த ஒரு செடியின் மொட்டை அவள் கை தானாகக் கிள்ளியது. பிறகு என்ன செய்தோம் என்று உணர்ந்தவள்போல் அதைக் கீழே விட்டாள்.

டிராக்டர் வந்தது. ஓட்டுபவர் தெலுங்கு பேசுபவர். எங்களிடம் தமிழையும் தெலுங்கையும் கலந்து பேசுவார். பாத்திகளைப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஏமன்னா, பச்சப் பசேல்னு நிக்குது. இதையா ஓட்டணும்?"

"பச்சையாதான் நிக்குது. உள்ள ஒண்ணுமில்ல," என்றார் மாப்பிள்ளை.

தங்கை வீட்டு வாசலிலிருந்து விரைந்து வந்து ஓர் இலையை ஓட்டுநரிடம் நீட்டினாள். "நீங்க ஒரு தடவ மென்னு சொல்லுங்கண்ணா." அவர் வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும். கன்னத்தைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினார். "இந்த வாயில தேன ஊத்துனாலும் தெரியாதும்மா." அவள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரம் ஒன்று ஓசையுடன் வைக்கப்பட்டது கேட்டது.

டிராக்டர் கிழக்கு ஓரத்தில் இறங்கியது. கலப்பைக் கொழுக்கள் மண்ணில் அமிழ்ந்தன. முதல் பாத்தி அப்படியே புரண்டு செடிகளின் வேர்கள் வானம் பார்த்தன. சொட்டுநீர்க் குழாயை முன்னாலேயே உருவிச் சுருட்டி வைக்க மாப்பிள்ளை மறந்திருந்ததால் அது கொழுவில் சிக்கிக்கொண்டது, வண்டி நின்றது. ஓட்டுநர் இறங்கிக் குழாயை விடுவிக்கத் தொடங்கினார். இன்றும் அந்தக் கறுப்புக் குழாயை எண்ணிப் பார்க்கையில் எனக்கு நன்றியே தோன்றுகிறது.

ஏனெனில் அந்த இடைவேளையில்தான் ஆலைப் பேருந்திலிருந்து இறங்கிய மருமகள் சாலையிலிருந்து குறுக்கு வழியாக வரப்பில் வந்துகொண்டிருந்தாள். தோளில் பை, கழுத்தில் ஆலையின் அடையாள அட்டை, தூக்கம் நிறைந்த கண்கள். புரண்டு கிடந்த பாத்தியைக் கண்டதும் ஓடிவந்தாள்.

"மாமா! இன்னா பண்றீங்க?"

"இனிப்பு போயிடுச்சும்மா. பூத்துடுச்சில்ல," என்றார் மாப்பிள்ளை. "மூணு பேரும் மென்னு பாத்துட்டோம். பெரியப்பாவக் கேளு."

நான் ஆமென்று தலையசைத்தேன். அவள் குனிந்து, புரண்டு கிடந்த செடியிலிருந்தே ஓர் இலையைக் கிள்ளித் துப்பட்டாவில் துடைத்து வாயில் போட்டாள்.

"இனிக்குதே."

"ந்தா, அத்தைக்காகப் பேசாத."

"எனக்கென்ன அத்த மேல அம்மாம் பாசமா?" என்றாள் அவள். "ராத்திரி முழுக்க நின்னுட்டு வரேன் மாமா. பொய் சொல்லக்கூட தெம்பு இல்ல. இனிக்குதுன்னா இனிக்குது. நேத்து பாட்டில்ல போட்டதும் இந்தச் செடிதானே."

வீட்டிலிருந்து தங்கை வந்துவிட்டாள். மருமகள் அவள் வாயில் ஓர் இலையைத் திணித்தாள். தங்கை மென்றாள். உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே. நீ என்ன சமாதானம் பண்றதுக்குச் சொல்றியா?" மருமகள் இன்னோர் இலையைத் தன் வாயில் போட்டாள். "ஐயோ, இனிக்குதுங்குறேன்!"

ஒரே செடியின் இலை ஒருத்திக்கு இனிக்கிறது, மூவருக்கு இனிக்கவில்லை. நால்வரும் நேர்மையானவர்கள். இந்நிலையில் ஐயத்துக்கு இடமில்லாத ஓர் இனிப்பைக் கொண்டு நாக்கைத்தான் சோதிக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. சர்க்கரை கொண்டுவரச் சொன்னேன். மருமகளின் காப்பிக்காக மட்டும் அந்த வீட்டில் ஒரு சிறிய டப்பாவில் சர்க்கரை இருக்கும். அவள் ஓடிச் சென்று எடுத்து வந்தாள். நாங்கள் மூவரும் விரல் நுனியில் ஒட்டிய அளவு எடுத்து நாக்கில் வைத்தோம்.

மணல். என்னால் இதைவிடத் துல்லியமாகச் சொல்ல இயலாது. பல்லுக்கிடையில் நறநறத்தது, கரைந்தது, ஒன்றுமில்லாமல் போயிற்று. எழுபது வயதுவரை சர்க்கரை என்பது என்ன என்று எனக்குத் தெரியும் என்றே நம்பியிருந்தேன். அன்று அது வெறும் வெண்மணல்.

"இது சக்கரையா ரவையா?" என்றார் மாப்பிள்ளை, டப்பாவுக்குள் எட்டிப் பார்த்து.

தங்கையின் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு என்னமோ ஆயிடுச்சுண்ணா. சக்கர முத்திப்போயி நாக்கு செத்துப்போச்சு. எங்க மாமியாருக்கும் கடைசியில இப்படித்தான் ருசி தெரியாம..."

"ஏன் அத்த, மூணு பேருக்கும் ஒரே நேரத்துலயா சாகும்?" என்றாள் மருமகள். தானும் ஒரு சிட்டிகை போட்டுச் சப்பினாள். "நல்லாதான் இனிக்குது. காலையில இன்னா தின்னீங்க?"

"ஒண்ணும் தின்னல. சிறுகுறிஞ்சான்தான். இன்னிக்குக் கொஞ்சம் சேத்து."

அவள் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு அடங்காமல் பேச்சு வரவில்லை.

"மாமா... மார்கழி மாசம் கோயில்ல... சக்கரப் பொங்கல்ல வெல்லமே போடலன்னு பூசாரிகிட்ட சண்ட போட்டீங்களே! ஊரே நல்லா இருக்குன்னு தின்னுது, நீங்க மட்டும், பொங்கலா இது கஞ்சியா இதுன்னு... அன்னிக்கும் காலையில அதத்தானே மென்னுட்டுப் போனீங்க?"

மாப்பிள்ளையின் காது மடல் சிவந்தது. டிராக்டர் ஓட்டுநர் வெற்றிலையை வரப்போரம் துப்பிவிட்டு, "அந்தப் பூசாரி உன்ன இன்னும் மறக்கலண்ணா" என்றார்.

பின்னர் தேடிப் படித்தேன். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால், நாக்கு இனிப்பை உணரும் ஆற்றலைச் சிறிது நேரத்துக்கு இழந்துவிடும். கசப்பும் புளிப்பும் உப்பும் தெரியும். இனிப்பு மட்டும் அடைபட்டுப் போகும். நெல்லிக்கனி இனிப்பை அழைத்து வரும். இது வாசலை மூடிவிடும். நாங்களோ காலையில் இதை மென்றதும் சர்க்கரையில்லாத காப்பி குடிப்பவர்கள், இனிப்பை ஒதுக்கி வாழ்பவர்கள். இத்தனை நாளும் எங்கள் நாக்கு மூடிக் கிடந்ததை அறிந்துகொள்ள எங்களுக்கு வாய்ப்பே அமையவில்லை.

ஆயினும் அந்தக் கணத்தில் இவை ஒன்றும் உறுதியில்லை. மருமகள் சொன்னது ஓர் ஊகம். மாப்பிள்ளை அதைச் சுட்டிக்காட்டினார்.

"என் நாக்குக்குத் தெரியணும்," என்றார். "அது திரும்பி வரட்டும். வந்து இனிச்சாதான் நான் ஒத்துக்குவேன். அதுவரைக்கும் வண்டி நிக்கட்டும்."

ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பெரிய சக்கரத்தின் நிழலில் உட்கார்ந்தார். நாங்கள் கிணற்று மேட்டில் வரிசையாக உட்கார்ந்தோம், நடுவில் சர்க்கரை டப்பாவை வைத்துக்கொண்டு. நீரிழிவுக்காரர் மூவர் காலைப் பொழுதில் சர்க்கரையைச் சுற்றி அமர்ந்து, அது இனிக்க வேண்டும் என்று காத்திருந்த காட்சியை எங்கள் மருத்துவர் கண்டிருந்தால் என்ன எண்ணியிருப்பாரோ. மருமகள் அவ்வப்போது ஆளுக்கு ஒரு துணுக்குத் தருவாள். நாங்கள் நாக்கில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டுவோம். நெடுஞ்சாலையில் லாரிகள் ஓயாமல் ஒசூர் நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. தங்கையின் பார்வை புரண்டு கிடந்த பாத்தியிலேயே இருந்தது.

முதலில் வந்தது எனக்கு. திடீரென்று வரவில்லை, தொலைவில் ஒருவர் மெல்லப் பேசத் தொடங்கினாற்போல, இருக்கிறதா இல்லையா என்ற ஐயத்தோடு வந்தது. நான் முந்திக்கொண்டு சொல்லவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தேன். அவள் துணுக்கை நாக்கில் உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் புருவம் உயர்ந்தது.

"வருதுண்ணா," என்றாள். "லேசா வருது."

எழுந்து போய்ச் செடியில் ஓர் இலையைப் பறித்து மென்றாள். நின்ற இடத்திலிருந்தே எங்களைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லத் தேவையிருக்கவில்லை. நானும் சென்று மென்றேன். இனிப்பு ஊறியது, பூத்த செடியின் இலையில் சற்று மட்டு, பூக்காத செடியின் இலையில் பழைய நிறைவு. இரண்டையும் பிரித்தறியும் அளவுக்கு என் நாக்கு திரும்பிவிட்டது. எனக்குள் எதுவோ கட்டவிழ்ந்தது. இனிப்பு இல்லையம்மா என்று அவளிடம் சொன்ன என் வாய்க்கே அந்த இனிப்பு வந்து சேர்ந்தது பெரிய ஆறுதல்.

ஆனால் மாப்பிள்ளைக்கு வரவில்லை. ஒரு கைப்பிடி மென்றவர் அல்லவா? அவருக்கு நாக்கு எளிதில் திறக்கவில்லை. தங்கை எதிரே நின்று கேட்டுக்கொண்டேயிருந்தாள்.

"இப்ப?"

"இல்ல."

"இப்ப?"

"ஏண்டி, அடுப்புல வெச்ச பருப்பா அது? வெந்துச்சா வெந்துச்சான்னு..."

"வேணும்னே சொல்றீங்க."

"சத்தியமா இல்ல."

"அப்படின்னா உங்களுக்கு இனிமே இனிப்பே தெரியாது. பூசாரி சாபம்."

அவர் சிரித்துவிட்டார். அடக்க முயன்றும் முடியவில்லை. சிரித்த வாயோடு, வாயிலிருந்த துணுக்கைச் சப்பியவர் சட்டென்று நிறுத்தினார். எழுந்து, யாரையும் பார்க்காமல், புரண்ட பாத்திக்கு அடுத்த பாத்தியில் குனிந்து ஓர் இலையைக் கிள்ளினார். நெடுநேரம் மென்றார். விழுங்கினார். இன்னோர் இலை.

"ம்," என்றார்.

"இன்னா ம்?"

"இனிக்குது. சொன்னதுதான். வாயத் தொறக்கமாட்டேன்."

டிராக்டர்காரர் எழுந்து இடுப்பை நிமிர்த்தினார். "அப்ப நான் பக்கத்துக் காட்டுக்குப் போறேன். என்னக் கூப்ட்டது எலய மெல்லுறதப் பாக்கத்தானா?" என்று சொல்லி இயந்திரத்தை முடுக்கினார். கொழுக்களை உயர்த்தி, மற்றப் பாத்திகளில் சக்கரம் படாமல் பின்னோக்கியே கவனமாக வெளியேறினார்.

மாப்பிள்ளை சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். குத்தகை கேட்டவர் தெலுங்கர். தங்கை இரண்டடி தள்ளி நின்று கேட்டாள். அவளுக்கும் அந்த மொழி நன்றாகத் தெரியும். நிலத்தில் பயிர் நிற்கிறது, பயிர் நன்றாக இருக்கிறது, தருவதற்கில்லை என்று அவர் சொன்னார். மறுமுனையில் ஏதோ நீளமாகக் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதே சொற்களை அதே வரிசையில் மறுபடி சொன்னார். பிறகு கைப்பேசியைப் பையில் போட்டார்.

"இன்னா சொன்னான்?"

"வேற எடம் பாத்துக்குறானாம்."

தங்கை மூச்சை வெளியே விட்டாள். அத்தனை நேரமும் அதைப் பிடித்து வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மருமகளைப் பார்த்து, போய்க் குளித்துவிட்டுத் தூங்கச் சொன்னாள். பிறகு, வேரோடு கிடக்கும் செடிகளை வெயில் ஏறுமுன் எடுத்துத் தண்டு நறுக்கினால் அத்தனையையும் நாற்றாக்கிவிடலாம் என்றாள்.

மாப்பிள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் பாத்தியில் இறங்கினார். முதல் செடியை வேரிலிருந்த மண் உதிராமல் இரு கையாலும் எடுத்தார். நான் நிழல்வலையின்கீழ் ஈரச் சாக்கை விரிக்கப் போனேன்.